தேர்தல் களத்தில் நிருபரின் பாதுகாப்பு

(தேர்தல் செய்தி சேகரிக்கும் நிருபர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2009-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே மகின்டனாவோ மாகாணத்தில் சில வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. மாகாணக் கவர்னர் பதவிக்கு நிற்க விரும்பிய ஒருவரின் நியமனப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய அவரது மனைவியும் சகோதரிகளும் வக்கீல்களும் போனார்கள். பெண்களும் பத்திரிகைக்காரர்களும் கூட இருந்தால் எதிரிகள் கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை! மாகாணத்தை ஆண்டுவந்த குடும்பத்தின் ஆயுதக் கும்பல் வழிமறித்து 58 பேரைச் சுட்டுத் தள்ளியது. அவர்களில் 32 பேர் பத்திரிகைத் தொழிலாளர்கள். முக்கியக் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்கப் பத்து வருஷமாயிற்று.

இதை ஏன் முதலில் சொல்கிறோம்? இணையத்தில் நிருபரை ஏசுவதும் மிரட்டுவதும் “வெறும் பேச்சுத்தானே” என்று சில பெரிய மனிதர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். பேச்சுக்குப் பின்னால் துப்பாக்கி நிற்பதை அந்த நாட்டு நிருபர்கள் கண்ணால் கண்டவர்கள்.

2016 மே மாதத் தேர்தலில் டுடெர்ட்டே ஜனாதிபதியானார். அக்டோபரில் ‘ராப்ளர்’ என்ற இணையப் பத்திரிகை ஓர் உண்மையை அம்பலப்படுத்தியது: 26 போலிக் கணக்குகளைக் கொண்டு சுமார் 30 லட்சம் பேஸ்புக் கணக்குகள் வரை பொய்யைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறது! கட்டுரை வெளிவந்ததுதான் தாமதம், பத்திரிகையின் தலைவர் மரியா ரெஸ்ஸாவுக்கு மணிக்குச் சராசரி 90 வசைகள் வந்து குவிந்தன. அவர் எழுதியதை மறுத்து அல்ல. அவர் பெண் என்பதையும், அவர் தோற்றத்தையும் இழித்துரைத்து.

அங்கே பேஸ்புக் கம்பெனி டெலிபோன் கம்பெனிகளுடன் கூட்டுச் சேர்ந்து தன் பக்கங்களை மட்டும் இலவசமாகக் காட்டி வந்தது. பத்திரிகையின் முழுச் செய்தியைப் படிக்கக் காசு வேண்டும். வதந்தியைப் படிக்கக் காசு வேண்டாம். கூலிக்காரன் எதைப் படிப்பான்? குற்றம் அவனுடையதா?

வசைக்குப் பிறகு வழக்கு வந்தது. 2012 மே மாதம் வெளியான ஒரு கட்டுரைக்கு, அதே வருஷம் செப்டம்பரில் பிறந்த இணையக் குற்றச் சட்டத்தைக் காட்டினார்கள். பிறக்காத சட்டத்தை எப்படி மீற முடியும்? 2014-ல் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார்களாம். ஆகவே அது மறுபிரசுரமாம்! இந்த விசித்திர வாதத்தின் பேரில் 2020 ஜூன் 15-ந் தேதி ரெஸ்ஸாவும், கட்டுரையை எழுதிய முன்னாள் ஊழியரும் குற்றவாளிகள் என்று மணிலா கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், நாட்டின் மிகப் பெரிய ஒளிபரப்பு ஸ்தாபனமான ஏபிஎஸ்-சிபிஎன்னுக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது. 1972-ல் ராணுவச் சட்டம் போட்டு மார்க்கோஸ் மூடியதும் இதே ஸ்தாபனத்தைத்தான்.

அந்த மார்க்கோஸின் மகன் ஜனாதிபதி பதவிக்கு நின்ற 2022 தேர்தலில் இன்னொரு ஆயுதம் வந்தது. ஆயிரக்கணக்கான யந்திரங்களை ஏவி, ஒரே நேரத்தில் ஒரு பத்திரிகையின் இணையக் கதவைத் தட்ட வைப்பது. மெய்யான வாசகன் உள்ளே வர முடியாது. பிப்ரவரி 27-ந் தேதி அபேட்சகர்களின் விவாதத்தை நடத்திக்கொண்டிருந்தபோதே சிஎன்என் பிலிப்பைன்ஸின் இணையதளம் இப்படித் தாக்கப்பட்டது. ஓட்டுப் போடுகிறவன் கேட்க வேண்டிய நேரம் பார்த்துத்தான் அடி விழுகிறது, கவனியுங்கள்.

தேர்தல் முடிந்த மறுமாதம் சர்க்காரே கதவைப் பூட்டிற்று. கம்யூனிஸ்டுகளோடு சம்பந்தம் என்று முத்திரை குத்தி, ‘புலட்லட்’ உள்ளிட்ட 20-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்க உத்தரவு! ‘புலட்லட்’ கோர்ட்டுக்குப் போய் ஆகஸ்டில் தடை வாங்கிற்று. 2024-ல் வெளிவந்த தீர்ப்பொன்றில், இப்படிச் சிவப்பு முத்திரை குத்துவது உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்து என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது.

இனி, நாம் செய்ய வேண்டியது. செல்போனுக்கும் மின்னஞ்சலுக்கும் இரட்டைப் பூட்டுப் போடுங்கள். வீட்டு விலாசத்தையும் பிள்ளைகளின் படத்தையும் பொதுவில் வைக்காதீர்கள். மிரட்டலை அழிக்காதீர்கள், தேதியோடு படமெடுத்து வையுங்கள், வழக்குக்கு அது சாட்சி. இதெல்லாம் நீங்கள் அறிந்ததே.

ஆனால் வசையைத் தனியே உட்கார்ந்து படிக்கும் நிருபர், நாலாம் நாள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். பெண் தோழர்கள் பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதுகூட இல்லை. இதை அவரவர் தைரியத்துக்கு விட்டுவிடுவது சரியல்ல. முதல் மிரட்டல் வந்த அன்றே அவர் கையிலிருந்து அந்தக் கணக்கை வாங்கி, படித்து, பதிந்து, போலீசுக்கும் யூனியனுக்கும் எழுதவேண்டிய பொறுப்பு ஆபீசுடையது. மாதச் சம்பளமில்லாத தாலுகா நிருபருக்கும் இது உண்டு. மகின்டனாவோவில் மாண்டவர்களில் பலர் அப்படிப்பட்ட சிற்றூர்ப் பத்திரிகைக்காரர்களே.

அந்தப் பொறுப்பை யார் ஏற்பது? நியமனத் தாக்கல் தொடங்கும்வரை காத்திராமல், ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு தோழரின் பெயரை இந்தக் கூட்டம் கலைவதற்குள் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.