தோல்வி கற்பிக்கும் விளையாட்டு

விளையாட்டு என்றதும் வெற்றியையே பலரும் நினைக்கின்றனர். ஆயின், சில விளையாட்டுக்களில் வெற்றி என்பது கடைசி நாழிகையில் வந்து எட்டிப்பார்த்துப் போகும் விருந்தாளி. வீட்டோடு தங்கியிருப்பது தோல்வியே. அத்தகைய விளையாட்டுத் தொடர் ஒன்றை முதற் பாகத்திலிருந்து வரிசையாக ஆடிமுடிக்க முனைவோர் பெறும் பயன் யாது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

யப்பான் நாட்டில் கப்கொம் என்னும் கம்பனி, 1987ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், நின்ரெண்டோவின் பமிக்கொம் இயந்திரத்துக்கென ஒரு வீடியோ விளையாட்டை வெளியிட்டது. பிறந்த நாட்டில் அதன் பெயர் ரொக்மேன். மேலைநாடுகளில் மெகா மேன். 1993ஆம் ஆண்டு வரை அதே இயந்திரத்தில் ஆறு பாகங்கள் வெளிவந்தன.

கதை மிகச் சிறிது. டொக்டர் லைற் என்னும் விஞ்ஞானி மக்கட் பணிக்கென இயந்திர மனிதர்களை ஆக்குகின்றார். மரம் அறுக்க ஒருவன், பாறை தூக்க ஒருவன், குப்பை எரிக்க ஒருவன், மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஒருவன், இவ்வாறு அறுவர். டொக்டர் வைலி என்பவர் அவ்வறுவரையும் கைப்பற்றித் தீவினைக்கு ஏவிவிடுகின்றார். வீட்டு வேலைக்கென ஆக்கப்பட்ட ரொக் என்னும் சிறுவன் தானே முன்வந்து போர்க்கோலம் பூணுகின்றான்.

கதை சிறிதெனினும், விளையாட்டின் அமைப்பு நுட்பமானது. அறுவருள் எவனோடு முதலிற் பொருதுவது என்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம். வீழ்த்தப்பட்டவனுடைய ஆயுதம் வென்றவனுக்கு உரியதாகிவிடும். அந்த ஆயுதத்துக்கு அஞ்சும் பகைவன் ஒருவன் எஞ்சியோரிடையே இருப்பான். கட் மேனுடைய சுழலும் கத்தரிக்கு எலெக் மேன் ஆற்றமாட்டான். எலெக் மேனுடைய மின்கதிருக்கு ஐஸ் மேன் ஆற்றமாட்டான். பனிக்கு நெருப்பும், நெருப்புக்கு வெடிகுண்டும், வெடிகுண்டுக்குப் பாறை தூக்கும் கட்ஸ் மேனும் பணிவர். அந்தக் கட்ஸ் மேனுடைய வலிமைக்கோ முதலிற் சொன்ன கட் மேனே பணிவான். வட்டம் இவ்வாறு முற்றுப்பெறுகின்றது. எல்லாரையும் வெல்வோன் எவனும் இல்லை. எல்லாருக்கும் தோற்போனும் இல்லை. இவ்வுண்மையை விளையாட்டு வாய்திறந்து சொல்வதில்லை. ஆடுபவர் பலமுறை வீழ்ந்து, தாமே கண்டுபிடித்தல் வேண்டும்.

வைலியின் கோட்டையில் மஞ்சட் பூதம் ஒன்று காத்திருக்கின்றது. அதன் உடல் துண்டு துண்டாகப் பிரிந்து, திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறந்து சென்று மீண்டும் ஒன்றுகூடும். அதன் கண்ணைத் தவிர வேறெவ்விடத்தில் அடிப்பினும் பயனில்லை. முதன்முறை அதன்முன் நிற்பவர் சில கணங்களிலே மாண்டுபோவார். ஐந்தாம் முறை, பத்தாம் முறை நிற்கும்போதுதான், அத்துண்டுகள் என்றும் ஒரே ஒழுங்கிலேயே பறக்கின்றன என்பது புலப்படும். கொடுமை எனத் தோன்றியது அப்பொழுது பாடமாகிவிடுகின்றது. கைவிரலின் வேகத்தினும் கண்ணின் பொறுமையே இங்கு வெல்கின்றது.

முதற் பாகத்தில் ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் வழி யாதும் இல்லை. இயந்திரத்தை நிறுத்தினால் பட்ட பாடு அனைத்தும் பாழ். 1988இல் வந்த இரண்டாம் பாகம் அக்குறையை நீக்கிற்று, விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான குறிப்பும், இழந்த உயிராற்றலை நிரப்பும் கலமும் அதில் இடம்பெற்றன, பகைவர் எண்மராயினர். மூன்றாம் பாகத்தில் வீரன் தரையிற் சறுக்கக் கற்றான். நான்காம் பாகத்திற் குண்டினைத் திரட்டி ஓங்கி எறியக் கற்றான். வரிசையாக ஆடுபவர், ஒரு கலை ஆண்டுக்காண்டு தன் பிழைகளைத் தானே திருத்திக்கொண்ட வரலாற்றையும் உடன் காண்கின்றார். விந்தை என்னவெனில், பழைய தோற்றத்திலேயே 2008இல் ஆக்கப்பட்ட ஒன்பதாம் பாகத்தில் அவ்விரு வித்தைகளையும் வீரனிடமிருந்து மீளப் பறித்துவிட்டனர். எளிமையின் அருமையை அதனை ஆக்கியோர் மறந்திலர்.

அக்கால இயந்திரத்தின் வலிமையோ மிகக் குறுகியது. திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அதனால் வரையமுடியாது. பகைவரும் குண்டுகளும் நெருங்கும்போது உருவங்கள் மின்மினிபோல் தோன்றித் தோன்றி மறைவது இதனாலேயே. இன்று அது குறையாகத் தோன்றலாம். சிறிய கருவியைக் கொண்டு பெரிய கனவைக் கண்டோர் விட்டுச்சென்ற தழும்பு அது.

இனி, ஒரு வினா எழுகின்றது. ஆறு பாகங்களும் 2015இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. நின்ரெண்டோ சுவிச் இயந்திரத்துக்கென 2018இல் வந்த தொகுப்பில், வீழ்ந்தவுடன் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதியும் சேர்க்கப்பட்டது. அதனைக் கையாளுதல் தகுமா? வேலையிற் களைத்து வந்து அரைமணி நேரம் ஆடுபவருக்கும், விரல்கள் முன்போல் இயங்காத முதியவருக்கும் அது ஒரு கைத்தடி. கைத்தடி ஊன்றுவதில் இழிவில்லை. ஆயின், நடக்கவல்லவர் அதனையே நம்பினால், மஞ்சட் பூதத்தைக் கடந்துவிடுவார், அதனை அறிந்திருக்கமாட்டார். பத்துத் தோல்விகள் தரவேண்டிய பாடம் அவருக்குக் கிட்டாமற் போய்விடும்.

மற்றொன்றும் சிந்தித்தற்குரியது. 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ விளையாட்டுக்களில் நூற்றுக்கு 87 பங்கு இப்போது விற்பனையில் இல்லை என, அங்குள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. ரொக்மேன் பிழைத்தான், அவன் காலத்துத் தோழர் பலர் பிழைத்திலர். கறையான் அரித்த ஏடுகளுக்காக இரங்கும் உலகம் இவற்றுக்காகவும் ஒருகால் இரங்க நேரிடும்.

ஆகவே, பழைய விளையாட்டு ஒன்றைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஆடுதல் வெறும் பொழுதுபோக்கு அன்று. அது முன்னோர் ஒருவரின் கைவேலையை, அவர் வைத்த தடைகளோடும் சேர்த்து மதிக்கும் செயல். வீழ்ந்த இடத்திலேயே மறுபடியும் எழுந்து நிற்பவனுக்கு, நேற்று மலையாகத் தெரிந்தது இன்று படியாகத் தெரியும்.