பீடமும் படகும்



ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு, மற்றைய ஆறு நாட்களும் நமக்கு என்று பங்கிட்டுக்கொள்வது கிறிஸ்தவர் பலரிடம் காணப்படும் வழக்கம். வேதாகமம் இப்பங்கீட்டை ஏற்பதாகத் தெரியவில்லை. இயேசுவின் முதற் சீடர்களிற் சிலர் வலையும் கையுமாய் நின்ற வேளையிலேயே அழைக்கப்பட்டனர். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவர்களுக்குத் தோன்றியபோது, கரிநெருப்பில் மீனும் அருகில் அப்பமும் ஆயத்தமாகவே இருந்தன. எனினும், அவர்கள் பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார் என யோவான் எழுதுகிறார். மனிதருடைய உழைப்புக்கும் அப்பந்தியில் இடமிருந்தது.

யாழ்ப்பாணத்து மீனவருக்கு இது புதிய செய்தியன்று. பாசையூரிலும் குருநகரிலும் கோயிலும் கடலும் அடுத்தடுத்தே இருக்கின்றன. நெடுந்தீவுக்கு அப்பால், நிலையாகக் குடியிருப்பார் எவருமற்ற கச்சதீவிலே, புனித அந்தோனியார் கோயில் ஒன்றுண்டு. அதன் திருவிழா பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிலே நடைபெறும். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை அத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிற்று. ஆயினும் இந்திய யாத்திரிகர் கடவுச்சீட்டின்றி வந்துபோகவும் அது இடமளித்தது. போர்க்காலத்தில் தடைப்பட்ட விழா பின்னர் புத்துயிர் பெற்றது. 2016இல் புதிய கோயிலும் எழுந்தது. இராமேசுவரத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் அங்கே ஒரே பீடத்தின் முன், ஒரே மொழியில் மன்றாடுகின்றனர்.

விழா முடிந்து படகேறிய பின் நிகழ்வது யாது? தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் எல்லை கடந்து வந்து கடலின் அடித்தரையை வாரிச் செல்கின்றன. மீன்குஞ்சுகளும் அழிகின்றன, கடன்பட்டு வாங்கிய சிறு மீனவனின் வலையும் அறுகின்றது. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் பிழைப்புப் போய்விடுகிறது. நம் கரையிலும் சிலர் இழுவைத்தொழில் செய்ததுண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் கடலில் அத்தொழிலைத் தடைசெய்தது.

மறுகரையின் துயரையும் மறத்தலாகாது. எல்லை கடந்து பிடிபட்டுச் சிறை செல்வோருட் பலர், படகுக்கு உரியவரல்லர். கூலிக்கு வந்த ஏழைகள். சிறைப்பட்டோர் பொருட்டு 2024இல் இராமேசுவரத்து மீனவர் கச்சதீவு விழாவையே புறக்கணித்தனர். கடலில் அறுந்த உறவு கோயிலிலும் அறுந்தது. வழிபாடு வேறு, தொழில் வேறு என்பார்க்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டுமோ?

காணிக்கை செலுத்த வந்தவன், சகோதரனுக்குத் தன்மேற் குறையுண்டு என நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டு, முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது மலைப்பிரசங்கத்தின் போதனை. அந்தச் சகோதரன் யார் என்பதைக் கச்சதீவில் தேடவேண்டியதில்லை. அவன் பக்கத்திலேயே முழந்தாளிட்டிருக்கிறான். திருவிழா நாளிலே இருகரையாரும் கூடியமர்ந்து, வலையிழந்தவனின் நட்டத்தையும் சிறையிலிருப்பவனின் வீட்டு அடுப்பையும் பற்றிப் பேசுவார்களாயின், அதுவும் ஆராதனையின் ஒரு பகுதியே.

இது மீனவர்க்கு மாத்திரம் உரியதன்று. கூலியாளுக்குக் குறைத்துக் கொடுக்கும் தோட்டக்காரனும், ஏழைப் பிள்ளையின் கொப்பியைத் திருத்தாது விடும் ஆசிரியனும் தத்தம் காணிக்கையோடு கோயில் வாசலிற் சற்றே நின்று சிந்திப்பாராக. திங்கட்கிழமை நாம் செய்யும் வேலையே ஞாயிற்றுக்கிழமை பாடிய பாட்டுக்குச் சாட்சி.