கன்றுக்குட்டி சாகும் முன்னே



'சாலையில் வேகக் கட்டுப்பாடு மக்களின் சுதந்திரத்தைப் பறிக்கிறதா, காக்கிறதா?' இதுதான் தலைப்பு. காக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன கேட்டார்? "கார் என்னுது, பெட்ரோல் என்னுது, ரோட்டு வரியும் கட்டியாச்சு. எவ்வளவு வேகத்தில் போறதுன்னு சர்க்கார் எதுக்குச் சொல்லோணும்? இது மக்களாட்சியா, மன்னராட்சியா?" என்று கேட்டார். நீங்களும் நல்லாக் கை தட்டினீங்க. உள்ளுக்குள்ளே நானும் தட்டினேன். போன மாசம் எனக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம் செல்போனில் வந்து விழுந்ததுங்க. (சிரிப்பு) அவ்வளவு வேகமா எங்கே போனேன்? சாலைப் பாதுகாப்பு வாரத்துக்குப் பேசப் போனேன்! (பலத்த சிரிப்பு)

தம்பி மன்னராட்சி என்றாரே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். திருவாரூர் வீதியில் இளவரசன் தேர் ஓட்டி வருகிறான். கன்றுக்குட்டி சக்கரத்தில் மாட்டிச் சாகிறது. தாய்ப்பசு போய் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இடத் துணிகிறான். முப்பது வருஷமாக இதை வகுப்பில் சொல்லிப் பூரித்துப் போனவன் நான். ஒருநாள் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பொண்ணு எழுந்தாள். "ஐயா, பசுவுக்கு நீதி கிடைச்சுது, சரிங்க. கன்னுக்குட்டிக்கு என்னங்க கிடைச்சுது?" என்றாள். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

பெரியபுராணத்தில் இறைவனே வந்து கன்றையும் எழுப்பிக் கொடுத்தார். நம்ம அவிநாசியில் முதலை விழுங்கின பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். அவிநாசி ரோட்டில் லாரி விழுங்கின பிள்ளையை யாருங்க பாடி மீட்கிறது? (கைதட்டல்)

மன்னன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அவன் நீதி கன்றுக்குட்டி செத்த பிறகுதான் வரும். ஏன்? இளவரசன் தேரைப் பார்த்து 'மெதுவாப் போ சாமி' என்று சொல்ல அந்த வீதியில் யாருக்கும் உரிமை கிடையாது. மக்களாட்சியில் உண்டு. தேரில் போகிறவனுக்கும் ஒரு ஓட்டு, நடந்து போகிறவனுக்கும் ஒரு ஓட்டு. 'இந்த ரோட்டில் இதுக்கு மேலே வேகம் வேண்டாம்' என்று எல்லாரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதி நட்ட பலகைதான் வேகக் கட்டுப்பாடு. முன்னாலேயே அடித்து வைத்த ஆராய்ச்சி மணி அது.

ஆனால் நம்ம ஊரில் வேகத்தடை எப்படி வருது? முதலில் ஒருத்தர் சாகோணும். ஊரே மறியலில் உட்காரோணும். தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார். விடிஞ்சு பார்த்தா ரோட்டில் ஒரு மேடு இருக்கும். திருச்சி ரோட்டில் சுங்கம் மேம்பாலத்தை 2022 ஜூனில் திறந்தார்கள். சில வாரத்துக்குள்ளேயே வளைவில் பைக்கில் போனவர்கள் பாலத்தில் இருந்து விழுந்து செத்தார்கள். அப்புறம்தான் பாலத்தை மூடி வேகத்தடை போட்டார்கள். இன்னும் நாம பாதி மன்னராட்சியில்தான் இருக்கிறோம் நடுவர் அவர்களே.

எதிரணியில் அம்மா ஒருத்தர், "சட்டத்தை யாருமே மதிக்கிறதில்லை, எடுத்துட்டா என்ன?" என்றார். எடுத்துப் பார்த்தவன் இருக்கிறான். வெள்ளைக்காரன்! காரெல்லாம் 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. யாரும் மதிக்கவில்லை. 1930-இல் அதை எடுத்தே விட்டார்கள். 1934-இல் மட்டும் அங்கே சாலையில் செத்தவர்கள் 7,343 பேர். அடுத்த வருஷமே ஊருக்குள் 30 மைல் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். எந்த ராஜாவும் உத்தரவு போடவில்லை. எடுத்ததும் பார்லிமெண்ட், வைத்ததும் பார்லிமெண்ட்.

நம்ம கணக்கும் கேளுங்க. 2022-இல் தமிழ்நாட்டில் சாலையில் போன உயிர் 17,884. நாடு முழுக்க 1,68,491. பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் என்றுதான் மத்திய அரசே எழுதியிருக்கிறது. அதே மத்திய அரசு 2018-இல் விரைவுச் சாலையில் கார் வேகத்தை 120 ஆக உயர்த்தியது. ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில், 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. மனுநீதிச் சோழன் சிலை நிற்கிறதே, அதே வளாகம்தானுங்க! (கைதட்டல்) வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்கு. இதில் காருக்கு என்ன கம்பெனி பேர் என்பதெல்லாம் கணக்கே கிடையாது.

சுதந்திரம் சுதந்திரம் என்றார்களே, ஒன்று சொல்லி முடிக்கிறேன். கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் ஊர். பொள்ளாச்சி ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் பால் சொசைட்டி, கோயில், என் தங்கச்சி வீடு. எங்கம்மா அறுபது வருஷம் அந்த ரோட்டைத் தாண்டித் தூக்குப்போசியில் பால் ஊற்றினவங்க. நாலு வழிச்சாலை வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ரோட்டில்தான் இன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் இங்கே வந்தேன். ஆனால் அம்மா அதற்குப் பிறகு ரோட்டைத் தாண்டவே இல்லை. தங்கச்சி வீட்டுத் திண்ணையை இங்கிருந்து பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. போன பொங்கலுக்குச் சொன்னாங்க: "ஏங்கண்ணு, ஒரு எட்டுல போற தூரம். காருக்காரன் இவ்வளவு வேகமா எங்கதான் போறான்? அவன் போயிச் சேரட்டும்னு நான் இங்கியே உக்காந்துட்டேன்."

தம்பி, உன் வேகத்துக்கு வரி கட்டியிருக்கேன்னு சொன்னியே, எங்கம்மாவும்தான் கட்டியிருக்காங்க. அவங்க நடைக்கு...

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சுட்டார். எனக்கும் கட்டுப்பாடு உண்டுங்க. (சிரிப்பு) ராத்திரி அதே பொள்ளாச்சி ரோட்டில்தான் திரும்பிப் போகோணும். நான் வந்து சேருகிற வரைக்கும் அம்மா தூங்க மாட்டாங்க.