ஊர்திப் பட்டறையும் ஒட்டுவேலையும்

 

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே இத்தலைப்பைக் கண்ட சிலர் அச்சுப்பிழையோ என ஐயுற்றதாகக் கேள்விப்பட்டேன். அச்சுப்பிழை அன்று. திருவாமாத்தூரில் நின்று பேச இதனினும் பொருத்தமான பொருள் எனக்குக் கிட்டவில்லை. இவ்வூர்க்குக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர்க்குப் பார்வை இல்லை. மற்றவர்க்கு நடை இல்லை. பார்வை இல்லாதவர் நடக்க இயலாதவரைச் சுமந்தார். சுமக்கப்பட்டவர் வழி சொன்னார். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார். கைவசம் உள்ளதைக் கொண்டு இல்லாததை ஈடுசெய்து, பயணம் நின்றுவிடாமல் கொண்டு செலுத்துவதை நம் பக்கத்து மெக்கானிக் ‘ஒப்பேற்றுதல்’ என்பார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் அம்பாசிடர் கார்கள் ஓடிய காலம் நம்மிற் பலர்க்கும் நினைவிருக்கும். 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு அவ்வண்டியின் உற்பத்தி நின்றுபோயிற்று. சித்திரை வெயிலில் அது நடுவழியில் நின்றுவிட்டால், ஓட்டுநர் பதறமாட்டார். ஒரு துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டு, புளியமரத்து நிழலில் சற்று அமர்வார். பார்ப்பவர்க்கு அது காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி இடுவது போலத் தோன்றும். உண்மையும் ஏறக்குறைய அதுவே. அந்தப் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருந்தது. சூடு மிகும்போது பெட்ரோல் ஆவியாகிவிடும். நீர்மத்தைத் தள்ளவேண்டிய பம்பு ஆவியைத் தள்ள மாட்டாமல் திணறும். ஈரத்துணியிலுள்ள நீர் உலர்கையில் சூட்டைக் கொண்டுபோகிறது, வண்டி கிளம்புகிறது. இன்றைய கார்களில் பம்பு டாங்கிக்குள்ளேயே இருப்பதால் ஈரத்துணிக்கு வேலையில்லை.

பெட்ரோல் டாங்கியில் பொத்தல் விழுந்தால் துணி சோப்பைப் பிசைந்து அப்புவார்கள். சோப்பு நீரிற் கரையும், பெட்ரோலிற் கரையாது என்னும் அறிவு அவர்கள் விரல்நுனியில் இருந்தது. ரேடியேட்டரில் நூலளவு கசிவென்றால் மஞ்சள்தூள். சமையலறைக்கும் பட்டறைக்கும் இடையே இத்தகைய கொடுக்கல் வாங்கல் உண்டென்பதை நாங்கள், பெண்கள், தாமதமாகவே அறிந்தோம்!

டேப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். வெடித்த ரேடியேட்டர் ஹோஸின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவது புதியவர் செய்யும் வேலை. ஈரத்தில் பசை பிடிக்காது. பிடித்தாலும் சூட்டில் இளகிவிடும். உள்ளே அழுத்தமோ மிகுதி. தேர்ந்தவர் முதலில் ஆறவிடுவார், துடைப்பார். பின் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து, இழுத்துப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு சுற்றிக் கம்பியால் முறுக்குவார். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்து, அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வார். ‘மெதுவாப் போங்க, அடுத்த ஊர்ல மாத்திடுங்க’ என்பார். அந்த இரண்டாவது தொடரே இக்கலையின் இலக்கணம்.

ஒப்பேற்றுதல் விளையாட்டாக இல்லாமல் உயிர்ப்பிரச்சினையாகிய ஓரிடம் உண்டு. 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதாகிப் போயிற்று. அங்கே பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களை நம் மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே, காத்து வைத்திருந்த சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குக் கொடுத்து உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கிக்கொண்டு சென்ற அவ்வண்டிகள் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தன. ‘ஏழைகளின் தந்திரம்’ என்று இதனை எள்ளுவோர், 1972 டிசம்பரில் அப்போலோ 17 பயணிகள் செய்ததையும் அறிதல் நன்று. நிலவில் ஓட்டிய வண்டியின் மட்காப்பு உடைந்துபோக, முதலில் ஒட்டிய டேப் தூசியில் பிடிக்காமல் விழுந்துவிட்டது. பிறகு நான்கு நிலப்படங்களை டேப்பால் இணைத்து, கவ்விகளால் பொருத்தி ஓட்டினார்கள். அங்கும் முதற் சுற்றில் டேப் தோற்றது. நம் பட்டறைக்காரர் கேட்டால் சிரித்திருப்பார்.

பாவலர்களே, இனி உங்களுக்கு வருகிறேன். ஓசை குறையுமிடத்தில் அளபெடையை இட்டு நிறைக்க நம் இலக்கணம் இடந்தருகிறது. வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல் முதலாகச் செய்யுள் விகாரங்களை நன்னூலார் ஒன்பதாக எண்ணி வைத்தார். இவையெல்லாம் இலக்கணம் அனுமதித்த ஒட்டுவேலைகளே. ஆனால் எண்ணி வைத்தார் என்பதைக் கவனியுங்கள், எல்லை உண்டு. தளைக்காக ஒரு சொல்லை நீட்டுவது ஹோஸில் நாடா சுற்றுவது போன்றது. பொருளே இல்லாத அடியை ‘அன்னைத் தமிழே’ என்னும் விளியால் நிரப்புவதோ, பிரேக் குழாயில் டேப் சுற்றுவது போன்றது. பிரேக்கை மிதிக்கும்போது அக்குழாயில் எழும் அழுத்தத்தை எந்த டேப்பும் தாங்காது. நல்ல மெக்கானிக் பிரேக்கில் மட்டும் ஒப்பேற்றமாட்டார். ‘வண்டி இங்கயே நிக்கட்டும்’ என்று சாவியை வாங்கிக்கொள்வார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் அத்தகையவரே. ஏடு சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்ப அவர்க்கு எத்துணை எளிதாக இருந்திருக்கும்! அவர் புள்ளியிட்டு விட்டுவைத்தார். நம் வட்டத்துக் கவியரங்குகளில் அத்தகைய புள்ளிகளைக் காணும் பேறு எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இன்னொன்று. பட்டி பார்த்தல், மக்கர் செய்தல், இழுவை போதாமை, ஒப்பேற்றுதல் என இப்பட்டறைகளில் புழங்கும் சொற்களைப் படித்தவர்கள் தமிழாகவே மதிப்பதில்லை. நம் நடுநாட்டின் எழுத்தாளர் கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காகப் பணியாற்றியவர். அவரே ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தொகுத்தவர், பணிமனைத் தொழிலாளர் வாழ்வை ‘நெடுஞ்சாலை’ நாவலாக்கியவர். முனைவர் பட்டம் பெற்ற நாங்கள் செய்யாததை ஸ்பானர் பிடித்த கை செய்தது. அம்பாசிடரோடு ஈரத்துணி போயிற்று. பழுதுபார்ப்பு கணினிக்கு மாறிவருகையில் இச்சொற்களும் போய்விடும். ஆதலின் ஒரு வேண்டுகோள். வரும் கூட்டங்கள் ஒன்றிற்கு நெடுஞ்சாலையோரப் பட்டறைக்காரர் ஒருவரை அழைப்போம். மேடையில் ஏற்றி மாலையிட்டு அனுப்பிவிடாமல், அவர் பேசப் பேச நாம் எழுதிக்கொள்வோம். ஞாயிறு மாலையே அவர்க்கு ஒழிவு இருக்கும். கூட்ட நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளச் செயலாளர் அவர்கள் இசையவேண்டும்.