உறைந்த ஆறும் கூம்புத் தூணும்



ஐஸ் கட்டியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது, ஏன்? நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்து, இலேசாகிவிடுகிறது. ஆகவே குளிர்நாட்டு ஆறுகளில் பனிக்கட்டி மேலே படர்ந்திருக்கும். அடியில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பனிக்கட்டி மனிதனுக்குச் சாலையாகவும் உதவும். இந்தியாவின் லடாக்கில் சன்ஸ்கார் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. குளிர்காலத்தில் மலைக்கணவாய்களைப் பனி அடைத்துவிடும். அப்போது உறைந்த ஆற்றின் மீதுதான் மக்கள் நடந்து போய்வந்தார்கள். அதற்குச் 'சாதர்', அதாவது விரிப்பு, என்று பெயர். பிள்ளைகளை லே நகரத்துப் பள்ளிகளில் விடுவதற்காகப் பெற்றோர் பல நாள் அந்தப் பனிமேல் நடந்திருக்கிறார்கள். கோலால் தட்டிப் பார்த்தே அடியெடுத்து வைத்தார்கள். பனி மெலிந்த இடத்தில் கால் வைத்தால் உயிருக்கே ஆபத்து. இப்பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் 298 கிலோமீட்டர் நீளமுள்ள நிம்மு - பதும் - தார்ச்சா சாலை 2024 மார்ச்சில்தான் முழுதாக இணைக்கப்பட்டது.

சாலையாகும் அதே பனிக்கட்டி, பாலத்துக்குப் பகையுமாகும். நம் ஜொகூர் நீரிணையில் 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதைக் கட்டியவர்களுக்குப் பனிக்கட்டியைப் பற்றிய கவலை இல்லை. கனடாவில் 1997இல் திறக்கப்பட்ட கான்ஃபெடரேஷன் பாலமோ 12.9 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் அந்தக் கடல் உறைந்துவிடும். பிறகு காற்றும் நீரோட்டமும் பெரும் பனிப்பாளங்களைத் தள்ளிக்கொண்டு வந்து தூண்களில் மோதும்.

பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள்? ஒரு வெண்கட்டியை இரு முனைகளிலும் அழுத்திப் பாருங்கள், எளிதில் உடையாது. வளைத்துப் பாருங்கள், பட்டென்று முறியும். பனிக்கட்டியின் குணமும் அதுவே. எனவே நீர்மட்டத்தில் தூண்களைக் கூம்பு வடிவில் கட்டினார்கள். மோத வரும் பாளம் சரிவில் ஏறும், வளையும், தன் பாரத்தாலேயே முறிந்து விழும். தூணைத் தடிக்க வைத்து மட்டும் எதிர்த்து நிற்காமல், பனியின் பலவீனம் எதுவென்று அறிந்து வென்றார்கள்.

பெற்றோர்களே, வெண்கட்டியை முறித்து விளையாடும் உங்கள் பிள்ளை, அது ஏன் முறிந்தது என்று கேட்டால் அதட்டாதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள்தாம் அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். பனிமேல் நடந்தேனும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் இருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் நடக்கும் செம்மண் பாதையும் பள்ளிக்கூடத்தில்தான் போய் முடிய வேண்டும்.