ஜீப் நேரமும் பள்ளி நேரமும்

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், போடி வீதிகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடுகின்றன. தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏற, வண்டிகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. பள்ளி மணி அடிக்க அதற்குப் பிறகும் வெகுநேரம் இருக்கிறது. மாலையில் பள்ளி விட்ட பிறகும் தாய் உடனே வீடு திரும்புவதில்லை. தேனி மாவட்டத்தின் கல்வியைப் பற்றிப் பேசும்போது வகுப்பறைக்கு வெளியே கிடக்கும் இந்த இரண்டு இடைவெளிகளையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழகம் என்றோ உணர்ந்துவிட்டது. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தன. ஆனால் அவை நண்பகல் பசிக்கானவை. காலைப் பசிக்கு விடையான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைத்த உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் மணி அடிப்பதற்கு முன்பே தட்டுக்கு வருகின்றன. தாய் மலையேறிய வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆதரவு!

“பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமை அல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கடமைக்காகத்தான் தாய் இருட்டிலேயே கிளம்புகிறாள். “வயிறு நிறைந்தால் எழுத்து வந்துவிடுமா?” என்ற கேள்வி நியாயமானது. வராது, அதற்கு ஆசிரியரின் கவனமும் பயிற்சியும் வேண்டும். எட்டு வயதுக்குள் எல்லோருக்கும் எழுத்தும் எண்ணும் என்று 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ அதற்கான முயற்சி. மாலை இடைவெளிக்கும் வழி இல்லாமல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்து இழப்பை ஈடுகட்ட 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’, தெருவுக்கே வந்து மாலையில் சொல்லிக்கொடுத்தது. பெருந்தொற்று போய்விட்டது, ஏலத்தோட்ட வேலை போகவில்லை. ஆகவே இங்கே அத்தகைய மாலை வகுப்பு நிரந்தரமாக வேண்டும்.

இன்னொன்று. காலை உணவு, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தாயும் அதே ஜீப்பில்தான் ஏறுகிறாள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தட்டு வைப்பதே நாம் அடுத்து எடுக்க வேண்டிய அடி.