மாரியில் சைக்கிள்



கார்த்திகை மாதம் விடியப்புறம் ஐந்தரைக்குச் சைக்கிளை வெளியே எடுத்தால், வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "உந்த மழைக்கை எங்கை வெளிக்கிடுறியள்?" கைதடியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய்த் திரும்புவது என் காலை வழக்கம். குடாநாட்டின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரைதான் விழுகிறது. அந்த மூன்று மாதமும் மழைக்குப் பயந்து இருந்தால், தை பிறக்கும்போது முழங்கால் பேசும்.

நனைவதுதான் எல்லாருக்கும் கவலை. மழைக்கோட்டு போட்டாலும் உழக்குகிற சூட்டில் உள்ளே வியர்த்து நனையத்தான் போகிறோம். என் கவலை பிறேக்கில். கம்பிப் பிறேக் போட்ட பழைய சைக்கிளில் இரும்பு றிம்மை ரப்பர் கட்டை பிடிக்கிறது. றிம்மில் தண்ணீர் இருந்தால், கட்டை முதலில் அந்தத் தண்ணீரை வழிக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். அதற்குள் சில்லு இரண்டு மூன்று தரம் சுற்றிவிடும். முன்னால் மாடு நின்றால் அந்த இரண்டு மூன்று சுற்று போதும்! அதனால் சந்தி வர நன்றாக முன்னமே பிறேக்கை மெல்லத் தொட்டு றிம்மைத் துடைத்துக்கொள்வேன்.

அடுத்த கவலை தண்டவாளம். போரால் 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. சந்தோசந்தான். ஆனால் ஈரத் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் முன்சில்லு வழுக்கி ஆளை விழுத்திவிடும். நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். வெள்ளம் நிற்கிற ஒழுங்கைக்குள் நான் இறங்குவதே இல்லை. பள்ளம் எது, வாய்க்கால் எது என்று வெள்ளம் சொல்லாது.

மழை பிடிக்காத இன்னொன்று டைனமோ. ரயரில் உரசிச் சுழலும் அதன் தலை, ஈரம் பட்டால் வழுக்கும், விளக்கு மங்கும். அப்படி மங்கும்போதெல்லாம் எனக்கு வானொலிதான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பெற்றோலுக்கும் பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் செய்தி கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும். "சுத்தடா, சுத்தடா" என்று பெரியவர்கள் கத்துவார்கள். இன்று நீங்கள் பொத்தானை அமத்தி என் குரலைக் கேட்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்கள்.

போகும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளிவிடும். திரும்பும்போது செம்மணி வெளியில் அதே காற்று மழையை முகத்தில் அறையும். நாவற்குழிப் பாலத்தில் சிலவேளை இறங்கி உருட்டுவேன். 1995 ஒக்ரோபர் 30 இரவும் இந்தப் பாலத்தில் உருட்டித்தான் போனோம். அன்றும் மழை. போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து வந்த நெருக்கத்தில் ஏறி ஓட இடமேது? கரியரில் உடுப்பு மூட்டை, பாரில் பிள்ளை, ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல். சைக்கிள் அன்று வண்டிலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய சாரத் துண்டால் றிம்மையும் செயினையும் துடைத்து, செயினுக்கு நாலு துளி தையல் மெசின் எண்ணெய் விடுவேன். ஒரு நாள் விட்டாலும் மறுநாள் செயினில் செம்மஞ்சளாய்த் துரு தெரியும். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். அது ஆறிப்போகிறது என்று உள்ளேயிருந்து அதே குரல் கேட்கும்.